இரத்தம் இல்லாத பேய்ப் பலகாரங்கள்: ஹலோவீன் இரவுக்கு ஏழு எளிய சிற்றுண்டிகள்

ஒக்ரோபர் 31ஆம் திகதி இருட்டத் தொடங்கியதும் கனடாவில் எங்கள் தெருவெல்லாம் பேய்கள் திரியும். நான்கு வயதுப் பேய், ஏழு வயதுச் சூனியக்காரி, தாயின் இடுப்பில் இருக்கிற பூசணிக்காய். வீடு வீடாகக் கதவைத் தட்டி இனிப்புக் கேட்பார்கள். அந்த வாரம் முழுவதும் பாடசாலையிலும் நண்பர்கள் வீட்டிலும் விருந்து நடக்கும். விருந்துக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது செய்து கொண்டு போக வேண்டும். ஸ்காபரோவில் எங்கள் பிள்ளைகள் பலர் இப்படித்தான் வளர்கிறார்கள். லண்டனிலும் பாரிஸிலும்கூட இந்தப் பழக்கம் வந்துவிட்டது.

என் அம்மா வன்னியிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்த முதல் ஒக்ரோபரில், ஏழு வயது மகளின் விருந்துக்காக நான் 'விரல் பிஸ்கற்' செய்தேன். பிஸ்கற் மாவை விரல் நீளத்துக்கு உருட்டி, நுனியில் நகம் போல ஒரு பாதாம் பருப்பை அழுத்தி, வெட்டுப்பட்ட பக்கத்தில் சிவப்பு ஜாம் பூசுவது. எல்லா வீடுகளிலும் செய்கிற சாதாரணப் பண்டம். தட்டை மேசையில் வைத்தேன். அம்மா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து அறைக்குள் போனவர் இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. அடுத்த நாள் காலை தேநீர் குடிக்கும்போது மட்டும் கேட்டார்: "உதைப் பிள்ளையளுக்குத் தின்னவோ செய்தனீ?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஹலோவீன் பலகாரத்துக்கு ஒரு விதி இருக்கிறது. பேய் வரலாம், சிலந்தி வரலாம், வௌவால் வரலாம், சூனியக்காரியும் வரலாம். இரத்தமும் வெட்டுப்பட்ட உறுப்பும் வராது. இந்த விதியால் பிள்ளைகளின் கொண்டாட்டம் ஒரு துளியும் குறையவில்லை. இத்தனை வருடங்களாக நான் செய்து பார்த்து, பிள்ளைகள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்ட ஏழு பண்டங்களை இங்கே எழுதுகிறேன். முதலில் இந்த நாளைப் பற்றிச் சில வரிகள்.

பேய் நாள் எங்கிருந்து வந்தது?

ஹலோவீனின் வேர் அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவை அங்கே பழைய கெல்டிக் மக்கள் 'சவன்' என்று கொண்டாடினார்கள். இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் இடையிலான திரை அன்று மெலிந்துவிடும் என்பது நம்பிக்கை. பின்னாளில் கிறிஸ்தவம் நவம்பர் 1ஆம் திகதியைச் சகல புனிதர்களின் நாளாகவும், 2ஆம் திகதியை இறந்த ஆன்மாக்களின் நாளாகவும் வைத்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுதிரி ஏற்றுவது அந்த 2ஆம் திகதியில்தான். ஹலோவீன் என்பது புனிதர் நாளுக்கு முந்தைய இரவு என்பதன் சுருக்கம்.

வீடு வீடாகப் போய்க் கேட்கும் பழக்கமும் இறந்தவர்களோடு தொடர்புள்ளது. இங்கிலாந்தில் இடைக்காலத்தில் ஏழைகள் இந்த நாட்களில் கதவு தட்டி 'ஆன்மாக் கேக்' என்ற சிறு கேக்கை வாங்கிக் கொண்டு, அதற்குப் பதிலாக அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபிப்பார்கள். செத்தவரின் பெயரால் பசித்தவருக்குக் கொடுப்பது எங்களுக்குப் புதிது அல்ல. ஆட்டைத் திவசத்தில் நாங்கள் செய்வதும் அதுதான்.

அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் வந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். அதே அளவானோர் கப்பலேறினார்கள். வட அமெரிக்காவில் ஹலோவீன் வேரூன்றியதில் அந்த அகதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஊரில் அவர்கள் ரேணிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். இங்கே பூசணிக்காய் பெரிதாகவும் குடைய இலகுவாகவும் இருந்ததால் விளக்கு பூசணிக்கு மாறியது. ஊரை விட்டு வந்தவர்கள் கையில் கிடைத்த பொருளை வைத்துத் தங்கள் திருநாளைக் காப்பாற்றிய கதை இது.

இனி அடுப்படிக்கு வருவோம்.

1. தோடம்பழப் பூசணியும் வாழைப்பழப் பேயும்

அடுப்பே தேவையில்லை. மூன்று வயதுப் பிள்ளையும் கூட நின்று செய்யலாம்.

சிறிய மன்டரின் தோடம்பழங்களைத் தோல் உரித்து முழுதாக வையுங்கள். நடுக்குழியில் ஒரு சிறு துண்டு செலரித் தண்டைக் குத்தினால் அது காம்புள்ள பூசணிக்காய். வாழைப்பழத்தைக் குறுக்காக இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்க நிமிர்த்தி வையுங்கள். நுனியில் இரண்டு சிறிய சொக்லேட் துண்டுகளைக் கண்ணாகவும், சற்றுப் பெரிய ஒன்றை வாயாகவும் பதித்தால் பேய். வெட்டிய வாழைப்பழம் கறுக்காமல் இருக்கக் கொஞ்சம் தோடம்பழச் சாறு தடவுங்கள். பரிமாறுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் செய்தால் போதும்.

2. முட்டைச் சிலந்தி

ஆறு முட்டைகளைப் பதினொரு நிமிடம் அவித்து, குளிர்ந்த நீரில் போட்டு உரித்து, நீளவாக்கில் பாதியாக வெட்டுங்கள். மஞ்சள் கருவை எடுத்து மூன்று மேசைக்கரண்டி மயோனெஸ், ஒரு தேக்கரண்டி கடுகுப் பசை, உப்பு, மிளகுதூள் சேர்த்துப் பிசைந்து திரும்பவும் குழியில் நிரப்புங்கள். விதை நீக்கிய கறுப்பு ஒலிவ் காயைப் பாதியாக வெட்டினால் ஒரு பாதி சிலந்தியின் உடல். மற்றப் பாதியை மெல்லிய கீற்றுகளாக வெட்டி இரு பக்கமும் நான்கு நான்கு கால்கள் வையுங்கள். பன்னிரண்டு சிலந்திகள் கிடைக்கும். பரிமாறும் வரை ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

3. சூனியக்காரியின் தும்புத்தடி

குச்சி வடிவில் விற்கிற, நார் நாராகக் கிழியும் சீஸை மூன்று துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் கீழ்ப் பாதியையும் விரலால் கிழித்துத் தும்பு போல ஆக்குங்கள். மேற்பக்கத்தில் ஒரு பிரெட்செல் குச்சியைக் குத்துங்கள். வெங்காயத் தாளை மெல்லிய நாராகக் கிழித்து இடையில் கட்டினால் தும்புத்தடி தயார். பிரெட்செல் ஈரம் பட்டால் நமுத்துவிடும். ஆகவே கடைசி நேரத்தில் குத்துவது நல்லது. கிழிக்கிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள்.

4. துணி சுற்றிய மமி

எகிப்தில் துணி சுற்றிப் பாதுகாத்த உடலைத்தான் மமி என்கிறார்கள். கடையில் உறைய வைத்து விற்கும் பஃப் பேஸ்ட்ரித் தாள் ஒன்றை எடுத்து, ஒரு சென்ரிமீற்றர் அகலக் கீலங்களாக வெட்டுங்கள். எட்டு முதல் பத்து வரை சொசேஜ்களில் கீலங்களைத் தாறுமாறாகச் சுற்றுங்கள். முகத்துக்காக மேலே சிறு இடைவெளி விட வேண்டும். 400 பாகை பரனைற் (200 பாகை செல்சியஸ்) சூட்டில் ஓவனில் 18 முதல் 20 நிமிடம் வைத்தால் பொன்னிறமாக வரும். ஆறியதும் கடுகுப் பசையால் இரண்டு கண் வையுங்கள்.

சைவக்காரருக்கு: கட்லற்றுக்குச் செய்யும் உருளைக்கிழங்குக் கலவையைச் சொசேஜ் நீளத்துக்கு உருட்டி, அதே மாதிரிச் சுற்றிச் சுடலாம். எங்கள் வீட்டில் இதுதான் முதலில் முடியும்.

இந்தப் பண்டத்தைச் செய்ய நான் தயங்கினேன். பண்டேஜ் சுற்றிய உருவம் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியை நினைவூட்டும் என்று நானாகவே நினைத்துக் கொண்டேன். கேட்டபோது அவர் சிரித்தார். "அது பொம்மை மாதிரிக் கிடக்கு. அது பரவாயில்லை" என்றார். எது யாரை வருத்தும் என்று வெளியிலிருந்து ஊகிக்க முடியாது என்பதை அன்று படித்தேன். ஒருவருக்குச் சிவப்பு ஜாம். இன்னொருவருக்கு வாசனை, சத்தம். ஊகித்து ஒதுக்குவதை விடக் கேட்டுவிடுவது நல்லது.

5. சோளப்பொரி உருண்டை

அரைக் கப் சோளம் பொரித்தால் ஏறத்தாழப் பன்னிரண்டு கப் பொரி வரும். பொரியாத கொட்டைகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பெரிய பாத்திரத்தில் நான்கு மேசைக்கரண்டி பட்டரை மெல்லிய சூட்டில் உருக்கி, 250 கிராம் மார்ஷ்மெலோவைப் போட்டுக் கரையும் வரை கிளறுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிப் பொரியைக் கொட்டிக் கலந்து, சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் கையில் பட்டர் பூசிக்கொண்டு உருண்டை பிடியுங்கள்.

மார்ஷ்மெலோவில் பெரும்பாலும் மிருக எலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலற்றின் இருக்கும். சைவக்காரருக்கு அது ஆகாது. அதற்குப் பதில் எங்கள் பொரி உருண்டை முறையே உண்டு. ஒரு கப் பனங்கட்டி அல்லது சர்க்கரையைக் கால் கப் தண்ணீரில் காய்ச்சி, குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டால் கெட்டியாகத் திரளும் பதத்தில் இறக்கி, ஏழு எட்டு கப் பொரியில் ஊற்றிக் கலக்குங்கள். பாகு பட்டால் கை வெந்துவிடும். ஆகவே அந்த வேலை பெரியவர்களுடையது.

இங்கே ஒரு செய்தி. இரண்டாம் உலகப் போரின் போது வட அமெரிக்காவில் சீனிக்குப் பங்கீடு வந்ததால் பிள்ளைகள் இனிப்புக் கேட்டுப் போவது பெரும்பாலும் நின்று போனது. 1947இல் பங்கீடு முடிந்த பின்னர்தான் மீண்டும் பெருகியது. 1990களின் பொருளாதாரத் தடையில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர் குடித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

6. பூசணி விதை வறுவல்

விளக்குக்காகக் குடைந்த பூசணியின் விதைகளை எறிய வேண்டாம். இது அம்மா தொடக்கிய பண்டம். விதைகளைத் தும்பு போகக் கழுவி, துணியில் பரப்பி நன்றாக உலர விடுங்கள். ஒரு கப் விதைக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுப் பிரட்டி, தட்டில் ஒரே படையாகப் பரப்பி 325 பாகை பரனைற் (165 பாகை செல்சியஸ்) சூட்டில் 20 முதல் 25 நிமிடம் வையுங்கள். இடையில் ஒரு முறை கிளற வேண்டும். இறக்கியவுடன் பெரியவர்களின் பங்குக்குக் கொஞ்சம் யாழ்ப்பாணக் கறித்தூள் தூவுங்கள்.

7. அயர்லாந்துத் தேநீர்ப் பாண்

'பார்ம்பிராக்' என்பது அயர்லாந்தின் ஹலோவீன் பாண். இந்த இரவின் மிகப் பழைய பண்டங்களில் ஒன்று. அதன் இலகுவான வகைக்கு ஈஸ்ற் வேண்டாம், பட்டரும் வேண்டாம்.

முந்திரிகை வற்றல் 350 கிராம், மண்ணிறச் சீனி 150 கிராம் இரண்டையும் 300 மில்லிலீற்றர் கடும் தேநீரில் இரவு முழுக்க ஊற விடுங்கள். இலங்கைத் தேயிலை இதற்கு அருமையாகப் பொருந்தும். காலையில் ஒரு முட்டையை அடித்து ஊற்றி, கோதுமை மா 250 கிராம், பேக்கிங் பவுடர் மூன்று தேக்கரண்டி, கறுவாத்தூள் ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கலக்குங்கள். தாள் விரித்த பாண் அச்சில் ஊற்றி, 325 பாகை பரனைற் சூட்டில் ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் அளவில் வைத்து, நடுவில் குத்திய குச்சி ஈரமின்றி வந்தால் இறக்குங்கள். அடுத்த நாள் துண்டு போட்டுப் பட்டர் பூசிச் சாப்பிட்டால் இன்னும் ருசி.

இதற்குள் ஒரு மோதிரத்தை மறைத்து வைப்பது அயர்லாந்து வழக்கம். யாருடைய துண்டில் வருகிறதோ அவருக்குத் திருமணம். காசு வந்தால் செல்வம், கந்தல் துணி வந்தால் வறுமை. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தொண்டையில் சிக்கும் எதையும் உள்ளே வைக்க வேண்டாம். துண்டுக்குக் கீழே தட்டில் சிறு சீட்டுகளை வைத்தால் அதே விளையாட்டுத்தான். எங்கள் சீட்டுகளில் 'வறுமை' என்று எழுதுவதில்லை. 'கோப்பை கழுவுவது' என்று எழுதுகிறோம்.

கவனிக்க வேண்டியவை

ஒவ்வாமை: கச்சான், கஜு, பாதாம் மூன்றும் ஒவ்வாத பிள்ளைகள் பல வகுப்புகளில் இருக்கிறார்கள். பாடசாலைக்குக் கொடுக்கும் பண்டத்தில் இவற்றைச் சேர்க்கவே வேண்டாம். முட்டை, பால், கோதுமை ஒவ்வாதவர்களும் உண்டு. ஒவ்வொரு தட்டின் முன்னும் என்னென்ன சேர்ந்தது என்று எழுதி வையுங்கள். 2014இலிருந்து அமெரிக்காவில் பரவிய ஒரு பழக்கம் கனடாவிலும் இருக்கிறது. வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி இருந்தால், அந்த வீட்டில் உணவல்லாத சிறு பரிசும் கிடைக்கும் என்று அர்த்தம். பென்சில், ஒட்டுப்படம், சிறு பந்து போதும்.

தொண்டை அடைப்பு: நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சோளப்பொரி, முழுப் பருப்பு, விதைகள், கடினமான இனிப்பு எதுவும் வேண்டாம். முந்திரிகைப் பழத்தையும் சொசேஜையும் நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். வட்டமாக வெட்டினால் அது மூச்சுக்குழாயை அப்படியே மூடும் அளவில் இருக்கும்.

விரதம்: கந்தசஷ்டி பல வருடங்களில் இந்த நாட்களை ஒட்டியே வருகிறது. வீட்டில் விரதம் என்றால் முதலாவது, மூன்றாவது, ஆறாவது பண்டங்களும் பனங்கட்டி உருண்டையும் பிள்ளைகளுக்குப் போதும். சீஸ் உறையில் மிருக ரெனெற் இருக்கிறதா என்று பாருங்கள். அயர்லாந்துக் கத்தோலிக்கரும் முன்னாளில் ஹலோவீன் அன்று இறைச்சி தொடமாட்டார்கள். அவர்களுடைய பழைய ஹலோவீன் உணவுகள் உருளைக்கிழங்கும் கோவாவும் பழமுமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

புகை: பானத்தில் புகை எழும்ப உலர் பனிக்கட்டி போடுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 78 பாகை செல்சியஸ். தொட்டால் தோல் வெந்தது போலாகும், விழுங்கினால் வயிறு புண்ணாகும். பிள்ளைகள் விருந்துக்கு அது தேவையே இல்லை.

கதவு தட்டும் சத்தம்

பலகாரத்தோடு சேர்த்து இதையும் சொல்ல வேண்டும். இருட்டிய பிறகு முகம் மூடியவர்கள் வந்து கதவைத் தட்டுவதுதான் ஹலோவீன். தலையாட்டியின் முன் வரிசையில் நின்றவர்களுக்கும், இரவில் தட்டிய கதவைத் திறந்து பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கும் அது எப்படி இருக்கும் என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. நாங்கள்தான் முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும்.

வீட்டில் முதியவர் இருந்தால் என்ன நடக்கப் போகிறது என்பதை இரண்டு நாட்களுக்கு முன்பே சொல்லுங்கள். அழைப்பு மணி வேண்டாம் என்றால் இனிப்புப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிடலாம். ஒன்றுமே வேண்டாம் என்றால் வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள். விளக்கு அணைந்த வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. அயர்லாந்தில் அன்று வெடி கொளுத்துவார்கள். இங்கிலாந்தில் நவம்பர் 5ஆம் திகதி அது வரும். அந்த இரவுகளில் முதியவர்களைத் தனியே விடாதீர்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லவும் ஒரு கதை இருக்கிறது. 1950இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சில பிள்ளைகள் ஹலோவீன் அன்று இனிப்புக்குப் பதிலாகப் பால் பெட்டிகளில் சில்லறை சேர்த்தார்கள். உலகப் போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக அந்தக் காசு யுனிசெப்புக்குப் போனது. கனடாவில் 1955 முதல் பல வருடங்கள் பாடசாலைப் பிள்ளைகள் செம்மஞ்சள் நிறப் பெட்டிகளோடு கதவு தட்டினார்கள். போரில் அகப்பட்ட பிள்ளைகளை நினைப்பதற்கும் இந்த இரவில் இடம் இருந்திருக்கிறது.

அம்மா இப்போது ஒக்ரோபர் 31ஆம் திகதி அறைக்குள் போவதில்லை. வாசலில் கதிரை போட்டு, மடியில் பாத்திரத்தோடு இருப்பார். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. "முகத்தைக் காட்டிப்போட்டு எடு ராசா" என்பார். தமிழ் விளங்காத பிள்ளைகளுக்கும் அவர் கையை உயர்த்திக் காட்டும்போது விளங்கிவிடும். முகமூடியை மேலே தூக்குவார்கள். உள்ளே ஒரு சின்ன முகம் சிரிக்கும். அம்மா இரண்டு உருண்டை கொடுப்பார்.